அப்பாவுக்கு நுரையீரல் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் புரியும். அப்பாவுக்கு 62 வயது. நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். 22 வயதில் சிகரெட் தொடங்கி, தினமும் சுமார் 15 பிடித்து, 54 வயதில் நிறுத்திவிட்டார். முப்பதுகளில் டி.பி. வந்து, ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமாகிவிட்டது. பெரியப்பா போன வருடம் நுரையீரல் புற்றுநோயில் தவறிவிட்டார். கண்டுபிடித்தபோதே அது மூளைக்குப் பரவியிருந்தது. அப்பாவுக்கு இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை, எக்ஸ்ரேயும் நார்மல். ஒரு லேப் 'கேன்சர் பேக்கேஜ்' என்று ரத்தப் பரிசோதனைக்கு விளம்பரம் அனுப்பியிருக்கிறது. அதைச் செய்வதா, சிடி எடுப்பதா, சும்மா இருப்பதா? விறகடுப்பில் பல வருடம் சமைத்த அம்மாவுக்கும் எடுக்க வேண்டுமா? தம்பிக்கு 34 வயது, அவனும் லாரிதான், சிகரெட்டும் உண்டு. அவனுக்கு?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு லோ டோஸ் சிடி, அதாவது குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சிடி ஸ்கேன், எடுப்பது நியாயமானதுதான். ரத்தப் பரிசோதனை வேண்டாம். எக்ஸ்ரே நார்மல் என்பதை வைத்து நிம்மதியாகிவிடவும் வேண்டாம். அம்மாவுக்கும் தம்பிக்கும் இப்போது ஸ்கேன் தேவையில்லை, அவர்களுக்குச் சொல்ல வேறு விஷயம் இருக்கிறது. ஆனால் அப்பா சிடி மிஷினில் படுப்பதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியது கொஞ்சம் உண்டு. படம் எடுக்கச் சில நிமிடம் போதும். அதில் ஏதாவது தெரிந்தால் அடுத்த ஒன்றிரண்டு வருடம் என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் விஷயமே. நான் பார்க்கிற குடும்பங்களில் பலரும் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

முதலில் எக்ஸ்ரேயை முடித்துவிடலாம். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் 'நெஞ்சு எக்ஸ்ரே நார்மல்' என்று வந்துவிட்டால் நுரையீரலில் ஒன்றுமில்லை என்று நம்பிவிடுகிறோம். ஒரு புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தால் எப்படி இருக்குமோ, எக்ஸ்ரே அப்படி. விலா எலும்பு, காரை எலும்பு, இதயம், ரத்தக் குழாய்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஒரு சென்டிமீட்டர் கட்டி காரை எலும்புக்குப் பின்னாலோ இதயத்துக்குப் பின்னாலோ இருந்தால் பழகிய கண்ணுக்கும் தப்பிவிடும்.

இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 1970களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக், புகைபிடிக்கும் ஆண்கள் 9,000க்கும் மேற்பட்டவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்தது. அந்தக் குழுவில் புற்றுநோய் அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் சாவு குறையவில்லை. பிறகு பி.எல்.சி.ஓ. என்ற பெரிய ஆய்வு, 1,54,901 பேர். 2011இல் வந்த அதன் முடிவும் அதேதான். வருடாவருடம் எக்ஸ்ரே எடுத்த குழுவிலும் எடுக்காத குழுவிலும் நுரையீரல் புற்றுநோய்ச் சாவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை.

நோயை அதிகமாகக் கண்டுபிடித்தும் சாவு குறையாமல் போவது எப்படி? ஒருவர் எப்படியும் 2030இல் அந்த நோயால் இறக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2029இல் கண்டுபிடித்தால் 'ஒரு வருடம் வாழ்ந்தார்' என்போம். 2026இலேயே கண்டுபிடித்துவிட்டால் 'நான்கு வருடம் வாழ்ந்தார்' என்போம். இறந்த தேதி மாறவே இல்லை, நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த காலம்தான் நீண்டது. அதனால்தான் 'எங்கள் ஸ்கேனில் கண்டுபிடித்தவர்கள் இத்தனை சதவீதம் உயிரோடு இருக்கிறார்கள்' என்ற விளம்பரங்களை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு குழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் குறைவாக இறந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிடியில் அப்படி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1999இல் நியூயார்க் கார்னெல் மருத்துவர்கள், புகைபிடித்த 1,000 பேருக்கு எக்ஸ்ரேயும் லோ டோஸ் சிடியும் எடுத்ததில், சிடியில் 27 பேருக்குப் புற்றுநோய் தெரிந்தது, எக்ஸ்ரேயில் 7 பேருக்குத்தான். அதே குழுவினரின் பிந்தைய ஆய்வு ஒன்றுக்கான பணத்தில் ஒரு பகுதி சிகரெட் கம்பெனியின் தாய் நிறுவனத்திலிருந்து வந்தது என்று 2008இல் தெரியவந்து பெரிய சர்ச்சையானது தனிக் கதை. நல்லவேளையாக நாம் அந்த ஆய்வை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை. அமெரிக்க அரசின் பணத்தில் 2002இல் தொடங்கிய என்.எல்.எஸ்.டி. என்ற ஆய்வு இருக்கிறது. 55 முதல் 74 வயது வரையுள்ள, நிறையப் புகைத்த 53,454 பேர். பாதிப் பேருக்கு சிடி, மீதிப் பேருக்கு எக்ஸ்ரே, வருடத்துக்கு ஒன்றாக மூன்று முறை. எக்ஸ்ரே பக்கம் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 443 பேர், சிடி பக்கம் 356 பேர். அதாவது 20 சதவீதம் குறைவு. 2020இல் வெளியான நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் நெல்சன் ஆய்விலும் பத்து வருடக் கணக்கில் ஆண்களிடம் 24 சதவீதம் குறைந்தது. பெண்கள் அதில் குறைவாகவே சேர்க்கப்பட்டிருந்தார்கள், ஆனால் அவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

இந்த 20 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது. என்.எல்.எஸ்.டி. கணக்குப்படி, சுமார் 320 பேருக்கு ஸ்கேன் எடுத்தால் ஒருவர் நுரையீரல் புற்றுநோய்ச் சாவிலிருந்து தப்புகிறார். மீதி 319 பேரில் பெரும்பாலானோருக்கு அந்த நோய் வரப்போவதே இல்லை. சிலருக்கு வந்தும் ஸ்கேன் காப்பாற்றாது. 'ஸ்கேன் எடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை' என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. இருந்தாலும் இது அற்பமான பலன் இல்லை. கூட்டமாக எடுக்கும் பரிசோதனைகளில் இது நல்ல கணக்கு என்றே சொல்வேன்.

சரி, யாருக்கு எடுப்பது? இங்கே ஒரு கணக்கு வருகிறது, டாக்டர்கள் பேக்-இயர் என்பார்கள். தினம் ஒரு பாக்கெட், அதாவது 20 சிகரெட், ஒரு வருடம் பிடித்தால் ஒன்று. உங்கள் அப்பா தினம் 15, 32 வருடம். 15ஐ 20ஆல் வகுத்து 32ஆல் பெருக்கினால் 24. அமெரிக்காவில் 2021 முதல் உள்ள பரிந்துரை: வயது 50 முதல் 80 வரை, குறைந்தது 20 பேக்-இயர், இப்போதும் பிடிப்பவர் அல்லது நிறுத்தி 15 வருடத்துக்குள் இருப்பவர். அதற்கு முன் 2013இல் இந்த வரம்பு 55 வயது, 30 பேக்-இயர் என்று இருந்தது. அந்தப் பழைய கணக்கில் அப்பா வெளியே நின்றிருப்பார், இப்போது உள்ளே வருகிறார். நிறுத்தி 15 வருடம் ஆனால் ஸ்கேனையும் நிறுத்து என்ற நிபந்தனையை அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2023இல் எடுத்தேவிட்டது. 15ஆவது வருடம் முடிந்த மறுநாள் ஆபத்து காணாமல் போவதில்லை என்பதால் எனக்கு அது சரியாகவே படுகிறது.

பிரிட்டனில் வேறு வழி. 55 முதல் 74 வயதுக்குள், எப்போதாவது புகைத்தவர்களைக் கூப்பிட்டு, வயது, புகைத்த காலம், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தாரா என்றெல்லாம் கேட்டு, ஒவ்வொருவரின் ஆபத்தையும் கணக்கிட்டு, அது ஒரு அளவைத் தாண்டினால்தான் ஸ்கேன். மான்செஸ்டரில் ஸ்கேன் வண்டியை சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கிங்கிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத ஆட்களிடம்தான் நோய் அதிகம் இருக்கும் என்ற யோசனை அது. நம் ஊர் லாரிப் பட்டறைப் பக்கம் இப்படி ஒரு வண்டி நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். இப்போதைக்கு நம் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் முன்கூட்டிய பரிசோதனை, நுரையீரல் அதில் இல்லை. நாமாகப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

அப்பாவின் விஷயத்தில் பெரியப்பாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கூடப் பிறந்தவருக்கு வந்திருந்தால் ஆபத்து கொஞ்சம் கூடும். லாரி டீசல் புகையும் ஒரு காரணி, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அதை உறுதியான புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ஒரு ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் வேகமாக ஊதும் பரிசோதனை, செய்து பாருங்கள். புகையால் மூச்சுக்குழாய் சுருங்கும் சி.ஓ.பி.டி. இருந்தால் புற்றுநோய் ஆபத்தும் அதிகம்.

பீடி பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 'பீடி சின்னது, புகையிலையும் கொஞ்சம்தானே, நாலு பீடியை ஒரு சிகரெட் என்று வைத்துக்கொள்ளலாமா' என்று கேட்பார்கள். வேண்டாம். பீடி சுற்றும் இலையில் காற்று சரியாகப் புகாது, விட்டுவிட்டு இழுத்தால் அணைந்துவிடும், அதனால் அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கும். உள்ளே போகும் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவில்லை. நான் ஒரு பீடியை ஒரு சிகரெட்டாகவே எண்ணுகிறேன்.

இப்போது நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருவோம். டி.பி. உலகத்தில் உள்ள டி.பி. நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். நம்மில் ஐம்பது தாண்டிய பலருடைய நுரையீரலில், டி.பி. என்று மருந்தே சாப்பிடாதவர்களிடம்கூட, எங்கோ ஒரு பழைய தழும்பு இருக்கும். சிடி அதையெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். என்.எல்.எஸ்.டி. ஆய்விலேயே ஒவ்வொரு சுற்றிலும் எடுத்த ஸ்கேன்களில் சராசரியாக 24 சதவீதத்தில் 'ஏதோ இருக்கிறது' என்று வந்தது, அதில் 96 சதவீதத்துக்கு மேல் புற்றுநோயே இல்லை. டி.பி. அதிகமில்லாத அமெரிக்காவிலேயே இப்படி. அங்கே ஒஹையோ, மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை, டி.பி. போலவே தழும்பை விட்டுவிட்டுப் போகும். ஆகவே 'நம் நாட்டில் டி.பி. இருக்கிறது, ஸ்கேனே பிரயோஜனமில்லை' என்று சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அவர்களும் இதே மாதிரி ஒரு தொல்லையோடுதான் வழி கண்டுபிடித்தார்கள். ஆனால் நாம் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும் என்பது உண்மை.

அந்த வழி என்ன? முதலாவது, சின்ன நாட்யூலுக்கெல்லாம் பதறுவதில்லை என்று முடிவு செய்தார்கள். நாட்யூல் என்பது சிடியில் தெரியும் சிறு உருண்டை, அவ்வளவுதான். அது புற்றுநோய் என்று பொருளில்லை. என்.எல்.எஸ்.டி.யில் 4 மில்லிமீட்டருக்கே மணி அடித்தார்கள். பிறகு வந்த லங்-ராட்ஸ் என்ற வரிசைமுறையில், முதல் ஸ்கேனில் தெரியும் கெட்டியான நாட்யூல் 6 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் அடுத்த வருடம் வழக்கம்போல் எடுத்தால் போதும். 6 முதல் 8 வரை என்றால் ஆறு மாதத்தில் மறுபடி. 8 முதல் 15 வரை என்றால் மூன்று மாதத்தில், சிலருக்கு பெட் ஸ்கேனும் (சந்தேகமான இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் ஸ்கேன்). 15க்கு மேல் என்றால் காத்திருப்பதில்லை.

இரண்டாவது, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்ப்பது. ரிப்போர்ட்டில் 'கால்சிஃபைட் கிரானுலோமா' என்று இருந்தால் நான் பொதுவாகச் சந்தோஷப்படுவேன். நடுவில் திரண்டோ முழுவதுமோ சுண்ணாம்பு ஏறிய உருண்டை பெரும்பாலும் ஆறிப்போன டி.பி.தான். அதற்குப் பயாப்சியும் (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) வேண்டாம், மறுபடி டி.பி. மருந்தும் வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: பழைய படம். என்னிடம் யார் நாட்யூலோடு வந்தாலும் முதல் கேள்வி 'பழைய ஸ்கேன், எக்ஸ்ரே ஏதாவது வீட்டில் இருக்கிறதா' என்பதுதான். பீரோவுக்கு மேலே, கட்டில் மெத்தைக்கு அடியில், பழுப்பேறிய கவரில் பத்து வருடத்துக்கு முந்தைய ஃபிலிம் கிடைக்கும். அதில் அதே இடத்தில் அதே அளவில் அதே புள்ளி இருந்தால், அன்றைக்கே ஒரு குடும்பத்தின் தூக்கம் திரும்பி வந்துவிடும். கெட்டியான நாட்யூல் இரண்டு வருடம் அளவு மாறாமல் இருந்தால் பெரும்பாலும் சாதுவானதுதான். ரிப்போர்ட்டில் 'கிரவுண்ட் கிளாஸ்' என்று எழுதிய மங்கலான வகைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அது மெதுவாக வளரும், ஐந்து வருடம்கூடத் தொடர்ந்து பார்ப்போம். எனவே அப்பாவுக்கு டி.பி. வந்த காலத்துப் படங்கள், கார்டு ஏதாவது இருந்தால் இன்றே தேடி எடுத்து வையுங்கள்.

வளர்ச்சியை அளப்பதும் லேசான வேலை இல்லை. ஒரு 6 மில்லிமீட்டர் உருண்டையின் கன அளவு இரண்டு மடங்கானால் குறுக்களவு எவ்வளவு ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பன்னிரண்டு இல்லை. ஏழரைதான். ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை அளக்க வேண்டும், அதில்தான் முடிவே இருக்கிறது. ஒரு ஸ்கேனை ஒரு சென்டரில் தடிமனான ஸ்லைஸில் எடுத்து, அடுத்ததை வேறு சென்டரில் வேறு விதமாக எடுத்தால் இந்த ஒப்பீடே குழம்பிவிடும். முடிந்தவரை ஒரே சென்டர், ஒரே முறை. ஃபிலிமை மட்டும் வாங்காமல் ஸ்கேன் படங்களை டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

ஸ்கேன் எடுக்கப் போகும்போது சீட்டில் 'லோ டோஸ் சிடி, நெஞ்சு, ஊசி மருந்து இல்லாமல்' என்று டாக்டரிடம் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் 'சிடி செஸ்ட்' என்று எழுதியிருந்தால் பல சென்டர்களில் கையில் ஊசி குத்தி, கான்ட்ராஸ்ட் ஏற்றி, முழு அளவு கதிர்வீச்சில் எடுத்துவிடுவார்கள். இதற்கு அது தேவையில்லை. லோ டோஸில் கதிர்வீச்சு ஒன்று அல்லது ஒன்றரை மில்லி சீவெர்ட் அளவு. சாதாரண நெஞ்சு சிடியில் அதைப்போலப் பல மடங்கு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு இயற்கையாகவே வருடத்துக்கு உலகச் சராசரியில் 2.4 மில்லி சீவெர்ட் கிடைக்கிறது. 62 வயதில் வருடத்துக்கு ஒரு லோ டோஸ் சிடிக்காகப் பயப்பட வேண்டாம். எடுப்பதும் சுலபம். வெறும் வயிறு தேவையில்லை. மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். பிடித்த மூச்சை விடுவதற்குள் முடிந்துவிடும். சளி, காய்ச்சல் இருக்கும்போது மட்டும் போகாதீர்கள். அப்போது தெரியும் சின்னச் சின்ன நிமோனியாத் திட்டுகள் வீண் கவலையைக் கிளப்பும். சில வாரம் கழித்துப் போகலாம்.

ஏதாவது தெரிந்துவிட்டால் நம் ஊரில் இரண்டு விதமாகத் தப்பு நடப்பதைப் பார்க்கிறேன். ஒன்று, 'எதற்கும் ஆறு மாதம் டி.பி. மருந்து சாப்பிட்டுப் பார்க்கலாம்' என்பது. சளியில் கிருமி இல்லை, டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையும் நெகட்டிவ், காய்ச்சல் இல்லை, இருந்தும் மருந்து ஆரம்பிக்கப்படும். அது டி.பி. இல்லாமல் புற்றுநோயாக இருந்தால் போவது பொன்னான மாதங்கள். ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையில் இருந்தவர் அந்த இடைவெளியில் அதைத் தாண்டிப் போய்விடுவதுண்டு. சென்னையில் 1950களில் நடந்த ஆய்வுதான் டி.பி.க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்று உலகத்துக்கே காட்டியது. அந்த ஊர்க்காரர்களான நாம் டி.பி. மருந்தைச் சும்மா கொடுத்துப் பார்க்கும் மருந்தாக்கிவிட்டது எனக்கு எப்போதும் வருத்தம்தான். ஆதாரம் கேளுங்கள். 'எதை வைத்து டி.பி. என்கிறீர்கள் டாக்டர்' என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொரு தப்பு இதற்கு நேரெதிர்: ஒரு 7 மில்லிமீட்டர் நாட்யூலுக்கு உடனே பெட் ஸ்கேன், உடனே ஊசி வைத்துப் பயாப்சி. பெட் ஸ்கேனில் டி.பி.யும் புற்றுநோய் போலவே பளிச்சென்று ஒளிரும், சின்ன நாட்யூலில் புற்றுநோயே இருந்தாலும் ஒளிராமல் போகலாம். பயாப்சியில் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறி, குழாய் போட வேண்டிய நிலை சிலருக்கு வரும். என்.எல்.எஸ்.டி.யில் சிடி குழுவில் இப்படி உடலுக்குள் செய்யும் பரிசோதனை நடந்து 60 நாளுக்குள் 16 பேர் இறந்தார்கள். எல்லாச் சாவுக்கும் அந்தப் பரிசோதனையே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் 6 பேருக்குப் புற்றுநோயே இல்லை. மூன்று மாதம் காத்திருந்து மறுபடி படம் எடுப்பது சோம்பேறித்தனம் மாதிரித் தோன்றும், பல நேரம் அதுதான் சரியான வைத்தியம். அந்த மூன்று மாதத்தை அப்பாவும் நீங்களும் தாங்குவீர்களா என்பதை ஸ்கேனுக்கு முன்பே மனசாட்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள். சிலரால் முடியாது. அப்படிப்பட்டவர் ஸ்கேன் வேண்டாம் என்று சொன்னால் நான் வற்புறுத்துவதில்லை.

முன்பே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: புற்றுநோய் என்றே வந்தால் ஆபரேஷன் தாங்கும் உடம்பா? ஆரம்ப நிலையில் நுரையீரலின் ஒரு மடலையோ அதன் பகுதியையோ எடுத்துவிடுவதுதான் குணமாக்கும் சிகிச்சை. ஆபரேஷன் தாங்காதவர்களுக்குக் குறிவைத்துக் கதிர் செலுத்தும் எஸ்.பி.ஆர்.டி. இருக்கிறது. இதயம் மிகவும் பலவீனமாகி, வீட்டுக்குள் நடக்கவே ஆக்சிஜன் தேவைப்படும் ஒருவருக்கு ஸ்கேன் எடுத்து நோயைத் தேடுவதில் அர்த்தமில்லை. அப்பா நிற்காமல் இரண்டு மாடி ஏறுகிறார் என்றால் இந்தக் கவலை இப்போது வேண்டாம்.

ஒரு சந்தேகம் பலருக்கும் உண்டு: வாழ்நாளில் தொந்தரவே செய்யாமல் கிடந்திருக்கும் புற்றுநோயையும் தோண்டி எடுத்து வைத்தியம் பார்த்துவிடுவோமோ என்று. நியாயமான சந்தேகம். என்.எல்.எஸ்.டி. முடிவுகளை வைத்து முதலில் போட்ட கணக்கில், சிடியில் கண்டுபிடித்தவற்றில் 18 சதவீதம் அப்படிப்பட்டவை என்றார்கள். பதினோரு வருடம் தொடர்ந்து பார்த்த பிறகு அது சுமார் 3 சதவீதமாகக் குறைந்தது. நிறையப் புகைத்தவர்கள் விஷயத்தில் இது பெரிய தடையில்லை. புகைக்காதவர்கள் விஷயத்தில்தான் இந்தக் கேள்வி கூர்மையாகிறது, அதை அம்மாவின் பக்கம் வரும்போது சொல்கிறேன்.

முதல் ஸ்கேன் நார்மல் என்று வந்தால்? அடுத்த வருடம் மறுபடி. இது ஒருமுறை எடுத்து ஃபைலில் வைத்துவிடும் பரிசோதனை இல்லை. ஒரே ஒருமுறை எடுக்கத்தான் பணமும் மனமும் உண்டு என்றால் கிடைக்கும் பலனும் அந்த அளவுக்குத்தான். நடுவில் சளியில் ரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் இருமல், காரணமில்லாமல் எடை குறைவது, குரல் கம்முவது, தோள்பட்டையில் விடாத வலி, முகம் வீங்குவது என்று ஏதாவது வந்தால் 'அடுத்த ஸ்கேன் தையில்தானே' என்று காத்திருக்கக் கூடாது. அறிகுறி வந்துவிட்டால் அது வேறு பாதை. லோ டோஸ் இல்லாமல் முழு சிடியே எடுக்க வேண்டியிருக்கும், உடனே நெஞ்சக நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சென்னைப் பக்கம் என்றால் தாம்பரம் சானடோரியம் எல்லோருக்கும் தெரியும்.

லேப்பின் கேன்சர் பேக்கேஜ். அதில் பெரும்பாலும் சி.இ.ஏ. போன்ற மார்க்கர்கள், அதாவது சில புற்றுநோய்களில் ரத்தத்தில் ஏறும் பொருட்கள், இருக்கும். புகைப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலே சி.இ.ஏ. கொஞ்சம் ஏறியிருக்கும். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் பலருக்கு அது ஏறவே ஏறாது. அந்தக் காசுக்கு ஸ்பைரோமெட்ரி பாருங்கள்.

சிடியில் புற்றுநோய் தவிர வேறு சமாச்சாரங்களும் வெளியே வரும். இதய ரத்தக் குழாயில் சுண்ணாம்பு, நுரையீரலில் காற்றுப் பைகள் சிதைந்த எம்ஃபிசீமா, தைராய்டில் கட்டி, இப்படி. சில பேருக்கு இதுவே பெரிய உபகாரம். நுரையீரலுக்காக எடுத்த படத்தில் இதய நோய் தெரிந்து, அதற்கு மருந்து தொடங்கியவர்கள் உண்டு. நிறையப் புகைத்தவரை முதலில் தாக்குவது மாரடைப்பாகவும் இருக்கலாம் என்பதால் அந்த வரியைப் படிக்காமல் விடாதீர்கள்.

அம்மாவுக்கு வருகிறேன். விறகுப் புகை நுரையீரலுக்குக் கெடுதல், அதில் சந்தேகமில்லை. புற்றுநோயையும் உண்டாக்கக்கூடும் என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறார்கள். நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய் வருபவர்களில், குறிப்பாகப் பெண்களில், புகைக்காதவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வருடாவருடம் சிடி எடுத்தால் சாவு குறையும் என்று காட்டிய ஆய்வு இல்லை. தைவான் மட்டும் துணிந்து இறங்கியது. அங்கே புகைக்காத 12,000 பேருக்கு ஸ்கேன் எடுத்ததில் 2.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் தெரிந்தது. பெரும்பாலும் மிக ஆரம்ப நிலை. 2022 முதல், பெற்றோர், கூடப்பிறந்தவர் அல்லது பிள்ளைக்கு அந்த நோய் இருந்தால் புகைக்காதவர்களுக்கும் அங்கே அரசே ஸ்கேன் எடுக்கிறது. கண்டுபிடித்ததில் எத்தனை தானாகவே சும்மா கிடந்திருக்கும் என்ற விவாதம் அங்கேயே ஓய்ந்தபாடில்லை. பெரியப்பா அம்மாவுக்கு ரத்த சொந்தமும் இல்லை. அவருக்கு மூச்சு வாங்குவதோ நாள்பட்ட இருமலோ இருந்தால் ஸ்பைரோமெட்ரி செய்யுங்கள், விறகுப் புகையால் வரும் சி.ஓ.பி.டி. பெண்களிடம் கண்டுபிடிக்கப்படாமலே கிடக்கிறது. இன்னும் வெந்நீருக்காவது விறகு வைக்கிறார் என்றால் அதை மாற்றுங்கள்.

அப்பா சிகரெட்டை விட்டு எட்டு வருடம் ஆகிறது என்றீர்கள். என்.எல்.எஸ்.டி.யில் கலந்துகொண்டவர்களை வைத்துப் பார்த்த ஒரு கணக்கில், விட்டு ஏழு வருடம் ஆனவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய்ச் சாவு குறைந்த அளவும் சிடியால் குறைந்த அளவும் ஏறத்தாழச் சமம். 15 வருடம் விட்டவர்கள் ஸ்கேனும் எடுத்தால் இரண்டும் சேர்ந்து 38 சதவீதம். அதாவது ஒரு ஸ்கேன் திட்டம் தருகிற பலனை அவர் காசு செலவில்லாமல் ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருக்கிறார். இதை அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

தம்பிக்கு 34 வயதில் எந்த நாட்டுக் கணக்கிலும் ஸ்கேன் கிடையாது, எடுத்து 'க்ளியர்' என்று வந்தால் இன்னும் தைரியமாகப் பிடிப்பான். நாற்பதுக்குள் விட்டுவிட்டால் தொடர்ந்து புகைப்பதால் வரும் கூடுதல் சாவு ஆபத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் விலகும் என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. அவனுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. இரவு ஓட்டத்தில் தூக்கம் வராமல் இருக்கத்தான் பிடிக்கிறேன் என்பான், அப்பாவும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார். தனியாக விட முயன்று தோற்றிருந்தால் நிக்கோட்டின் சூயிங்கம், வரெனிக்லின் மாத்திரை என்று உதவி இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு எடுக்கலாம். தேசிய உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள். அவன் வாங்கும் பாக்கெட்டிலேயே அந்த எண் அச்சடித்திருக்கும்.